உள்ளூர்க்காரர் உண்ணும் கடை: மதுரையில் பயணமும் உணவும் வணிகமும்

சொந்த ஊரில் பொருள் வாங்குவதும் வெளியூரில் பொருள் வாங்குவதும் ஒன்றல்ல. சொந்த ஊரில் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும், என்ன விலைக்குக் கிடைக்கும், கெட்டுப்போயிருந்தால் யாரிடம் போய்க் கேட்கலாம் என்பதெல்லாம் ஒருவருக்குப் பழக்கத்தால் தெரிந்திருக்கும். வெளியூரிலோ அவருக்கு நேரமும் குறைவு, பையில் இடமும் குறைவு, கடைகளைப் பற்றிய அறிவு அவற்றினும் குறைவு. இக்குறைகளுக்கு நடுவே நிகழும் விற்பனையைப் பயணச் சில்லறை வணிகம் எனலாம். பேருந்து நிலையத்துப் பழக்கடை, ரயிலடிப் புத்தகக்கடை, நெடுஞ்சாலை உணவகத்தின் வாசலில் இருக்கும் இனிப்புக்கடை, விமான நிலையத்தின் வரியில்லாக் கடை ஆகிய யாவும் இதில் அடங்கும்.

உலகெங்கும் இது தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் 1947இல் தொடங்கப்பட்ட வரியில்லாக் கடை, இன்றைய விமான நிலைய அங்காடிகளுக்கு முன்னோடியாயிற்று. ஜப்பானின் ஒசாகா நகரில் ஹன்கியூ ரயில் நிறுவனம் 1929இல் தன் உமேதா நிலையத்திலேயே பல்பொருள் அங்காடி ஒன்றைத் திறந்து, பயணச்சீட்டு விற்கும் நிறுவனம் பண்டமும் விற்கலாம் என்று காட்டியது. தென்னிந்தியாவில், 1844இல் சென்னையில் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனம் ரயில் நிலையங்களில் நடத்திய புத்தகக்கடைகள், வண்டிக்குக் காத்திருந்த பல தலைமுறைப் பயணிகளை வாசகர்களாக்கின. ஆயினும் கூட்டம் கூடும் இடத்தில் கடை போட்டுவிட்டால் வியாபாரம் தானே நிலைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. எது அதை நிலைக்கச் செய்கிறது என்பதை அறிய மதுரையைவிடப் பொருத்தமான ஊர் தமிழகத்தில் அரிது.

வீதிகளே அங்காடி

மதுரையின் பகல் அங்காடியையும் இரவு அங்காடியையும் நாளங்காடி, அல்லங்காடி என்று தனித்தனியே விவரிக்கிறது மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி. சங்க காலத்திலேயே இருளிலும் வணிகம் நடந்த ஊர் இது என்பதால், தூங்கா நகரம் என்னும் இன்றைய பெயருக்குப் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என அடுக்கடுக்காக அமைந்த தெருக்கள், வழிபாட்டு வீதிகளாக இருக்கும்போதே கடைவீதிகளாகவும் விளங்குகின்றன. மேல வெளி வீதியிலுள்ள ரயில் நிலையத்தில் இறங்கும் பயணி, டவுன் ஹால் ரோடு வழியாகக் கோயிலுக்கு நடந்தே சென்றுவிட முடியும். அந்தச் சிறு தொலைவுக்குள் தங்கும் விடுதி, டிபன் கடை, துணிக்கடை, அல்வாக் கடை ஆகிய அனைத்தையும் அவர் கடந்துவிடுகிறார்.

கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுசெல்ல அனுமதியில்லை. அதனால் அதை ஒப்படைத்துவிட்டுச் செல்பவர், தரிசனம் முடிந்த பிறகு அதைப் பெற்றுக்கொண்டால்தான் ஜிபே முதலிய வழிகளில் பணம் செலுத்த இயலும். உள்ளே போகும்போது அவர் மனம் வரிசையிலும் நடை சாத்தும் நேரத்திலும் இருக்கும். வெளியே வரும்போதுதான் பசியும் தாகமும், வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போகவேண்டும் என்னும் நினைவும் சேர்ந்து எழும். வாகனங்கள் தடுக்கப்பட்ட சித்திரை வீதிகளில் அவர் அவசரமின்றி நடக்கிற அந்த நேரமே வணிகர் அவருக்கு உதவக்கூடிய நேரமாகும். அதை அறியாமல், போகிறவரைக் கையைப் பிடித்து அழைப்பது எரிச்சலைத்தான் விற்கும்.

ஒருமுறை வருபவரும் தினமும் வருபவரும்

பயண வணிகத்தின் அடிப்படைச் சிக்கல், வாங்குபவர் மீண்டும் வரப்போவதில்லை என்று விற்பவருக்குத் தெரிந்திருப்பதே. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலை ஒரு சந்தையை எப்படிச் சீரழிக்கும் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப், பழைய கார்களின் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970இல் விளக்கினார். இத்துறை ஆய்வுக்காக 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நல்லதையும் மட்டமானதையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது அவர் எல்லாவற்றையும் சந்தேகித்துக் குறைந்த விலையே தர முன்வருவார் என்பதும், அவ்விலைக்குக் கட்டுபடியாகாத நல்ல சரக்கு சந்தையை விட்டே விலகிவிடும் என்பதும் அவர் காட்டிய உண்மைகள்.

நெடுஞ்சாலை மோட்டல் இச்சிக்கலின் முற்றிய வடிவம். பேருந்து எங்கே நிற்கும் என்பதை அங்கே சாப்பிடப்போகிற பயணி தீர்மானிப்பதில்லை. நள்ளிரவில் இறக்கிவிடப்படும் இடத்தில் அவருக்கு வேறு கடையும் இல்லை. ஒருவர் மனம் வெறுத்துப் போனாலும் மறுநாள் வேறொரு பேருந்து வந்து நிற்கும் என்பதால், தோசையின் தரமும் கழிப்பறையின் தூய்மையும் கல்லாவைப் பாதிப்பதில்லை. இத்தகைய இடத்தில் போட்டி செய்யவேண்டிய வேலையை விதிகளும் கண்காணிப்புமே செய்தாக வேண்டும்.

மதுரை நகருக்குள்ளோ நிலைமை வேறு. சிம்மக்கல்லில் கறி தோசைக்குப் பெயர்பெற்ற கோனார் கடையிலும், விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டா விற்கும் கடையிலும் வெளியூர்ப் பயணியின் தோளோடு தோள் உரசி நிற்பவர் உள்ளூர்க்காரர். கறி தோசையில் கறி குறைந்தாலோ, ஜிகர்தண்டாவில் பால் சுண்டாமல் நீர்த்திருந்தாலோ முதலில் அறிவது உள்ளூர் நாக்கு. அடுத்த வாரமே வேறு கடைக்குப் போய்விடக்கூடியவரும் அவரே. அவருக்குப் பயந்து காக்கப்படும் தரம், பக்கத்தில் அமர்ந்திருக்கும் பயணிக்கும் பாதுகாப்பாகிறது. ஊரார் உண்ணும் கடையில் உண்பது நல்லது என்ற பழைய வழிப்போக்கர் அறிவுரையின் பொருளியல் இதுதான்.

மதுரை உணவகங்களின் வாடிக்கையாளர் அனுபவம் என்பதையும் இந்த நோக்கில் காணவேண்டும். பரோட்டாக் கல்லும் கொத்துப் பரோட்டாவின் தாளமும் கடையின் முகப்பிலேயே இருப்பதால், சமையல் வாடிக்கையாளரின் கண்முன் நடக்கிறது. அறிவிப்புப் பலகை தரமுடியாத நம்பிக்கையை அது தருகிறது. இலை போட்டதும் கேளாமலே வந்து விழும் சட்னி வகைகள், இட்லி தீர்வதற்குள் வாளியோடு வந்து நிற்கும் சப்ளையர், இன்று எது சூடாக இருக்கிறது என்று அவர் சொல்லும் சொல் ஆகிய இவையெல்லாம் விலைப்பட்டியலில் இடம்பெறாதவை. பயணி ஊர் திரும்பிச் சொல்வதும் இவற்றைத்தான்.

பயணம் தாங்கும் பண்டம்

வயிற்றில் போனது போக, பையில் எதைக் கொண்டுசெல்வது என்பது அடுத்த கேள்வி. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி இந்த ஊரின் அடையாளம். ஒரு பொருளின் தன்மையும் பெயரும் அது விளையும் இடத்தோடு பிரிக்கமுடியாதபடி இணைந்துள்ளன என்று சட்டம் தரும் ஏற்பே புவிசார் குறியீடு. தடித்த இதழும் மெதுவாக மலரும் மொட்டும் கொண்ட மதுரை மல்லி, மற்ற மல்லிகைகளைவிட அதிக நேரம் வாடாமல் இருக்கும். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் உதிரியாகக் கிலோக் கணக்கில் விற்கப்படுவது, தெருமுனையில் தொடுக்கப்பட்டு முழக் கணக்கில் விற்கப்படுகிறது. பனிக்காலத்தில் விளைச்சல் குறைய, கிலோ விலை ஆயிரங்களைத் தொடுகிறது. இரவுப் பேருந்தில் ஏறும் பயணிக்கு அது ஓரிரவு மணம் தரும், அதற்குமேல் தாங்காது. ஜிகர்தண்டாவோ கடை வாசலைக்கூடத் தாண்டாது.

ஆனால் அந்த ஜிகர்தண்டாவின் உறுப்புகளான நன்னாரி சர்பத்தும் பாதாம் பிசினும் பல மாதங்கள் கெடாதவை. அவற்றை அளவோடு பொட்டலமிட்டு, செய்முறைச் சீட்டையும் சேர்த்துத் தந்தால், பயணி வீட்டிலேயே அச்சுவையைக் கூட்டிக்கொள்ள முடியும். உணவகம் சில்லறை வணிகமாக மாறும் வழி இதுவே என்பதற்குப் பெங்களூரில் 1924இல் தோன்றிய மாவள்ளி டிபன் ரூம் சான்று. 1975இல் நெருக்கடி நிலையின்போது உணவக விலைகளுக்கு அரசு உச்சவரம்பு விதித்த நாளில், தரத்தைக் குறைத்துப் பரிமாற விரும்பாத அந்நிறுவனம் பொடிகளையும் மாவுக் கலவைகளையும் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கியது, எம்.டி.ஆர். என்ற பெயர் நாடெங்கும் சமையலறைகளுக்குள் நுழைந்தது அப்படித்தான். மதுரையில் தொடங்கிச் சிங்கப்பூர் வரை கிளைபரப்பிய முருகன் இட்லிக் கடையின் புகழில் இட்லிக்கு நிகரான பங்கு பொடிக்கும் சட்னிக்கும் உண்டு என்பதை எண்ணினால், மதுரை உணவகங்களுக்கு இவ்வழி எவ்வளவு இயல்பானது என்பது புலப்படும்.

உண்பொருள் அல்லாதவற்றில் சுங்குடிச் சேலைக்கே முதலிடம். சௌராஷ்டிர சமூகத்தார் மதுரையில் வளர்த்த இக்கலையில், துணியில் ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகளைக் கையால் இட்டுச் சாயத்தில் தோய்ப்பார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத புள்ளிகள் தோன்றும். அதே புள்ளிகளை அச்சிட்டும் விற்க முடியும் என்பதால், கையால் முடிந்த சேலை அதற்குரிய விலையைப் பெறாமல் போகிறது. அகெர்லாஃப் சொன்ன கேடு இங்கே கண்கூடு. முடிச்சிடும் பெண்ணைக் கடையிலேயே அமர்த்தி, வாங்க வருபவர் பார்க்கும்படி வேலை நடந்தால், பரோட்டாக் கல் தரும் நம்பிக்கையைச் சுங்குடியும் பெறும். திருப்பரங்குன்றம் அருகே விளாச்சேரியில் செய்யப்படும் மண் பொம்மைகளுக்கும் இது பொருந்தும்.

இடமும் விதியும்

விற்கும் இடம் பற்றிய வரலாறும் படிப்பினை தருவது. திருமலை நாயக்கர் காலத்தில் கட்டப்பட்ட புதுமண்டபம், நெடுங்காலம் தையற்காரர்களும் பாத்திரக்காரர்களும் புத்தகக்காரர்களும் நிறைந்த அங்காடியாக இருந்தது. 2018 பிப்ரவரி 2 இரவு, கோயிலின் வீரவசந்தராயர் மண்டபப் பகுதியில் கடைகளோடு சேர்த்துக் கற்றூண்களையும் சிதைத்த தீவிபத்து, பழஞ்சின்னமும் கடையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதன் ஆபத்தை உணர்த்தியது. பின்னர்ப் புதுமண்டபக் கடைகளும் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்களைக் காக்க இது தேவையே. ஆயினும் இடம் மாறும் கடைகள் வழக்கமான நடைபாதையை விட்டு ஒதுங்கிவிடாதபடி வழிகாட்டும் பொறுப்பு மாநகராட்சிக்கு உண்டு. ஊராரின் கால் படாத அங்காடியில் பயணியின் கால் மட்டும் படுவதில்லை.

இந்திய ரயில்வே 2022இல் தொடங்கிய ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ திட்டத்தின்கீழ் மதுரை நிலையத்தில் சுங்குடிச் சேலைக்கு இடம் தரப்பட்டது. குறைந்த கட்டணத்தில் உள்ளூர்க் கைவினைஞருக்குக் கடை தரும் இத்திட்டம், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கும் வழிகாட்டக்கூடியது.

விதிகளில் வாடிக்கையாளர் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. பொட்டலப் பொருளை அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் கடையில் விற்பது குற்றம். உணவகத்தில் அமர்ந்து அருந்தும் குடிநீருக்கு மட்டும் சேவையும் சேர்வதால் அது பொருந்தாது என 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொட்டலமிடாமல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கும் எந்த நாளுக்குள் உண்ணவேண்டும் என்பதை 2020 அக்டோபர் முதல் எழுதி வைக்கவேண்டும். நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் கடை ஊழியருக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழகச் சட்டம் திருத்தப்பட்டது. கால் கடுக்க நிற்பவரிடம் இன்முகத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று என்பதால், இதுவும் வாடிக்கையாளர் அனுபவத்தைச் சேர்ந்ததே.

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் விடியற்காலை வந்திறங்கும் குடும்பத்துக்கு முதலில் தேவைப்படுவது சுத்தமான கழிப்பறை, பிறகு சூடான காபி, அதன்பின் கோயிலுக்குப் போகும் வழி. இம்மூன்றையும் ஏமாற்றாமல் தரும் கடையில்தான் திரும்பும்போது அக்குடும்பம் பலகாரமும் பூவும் வாங்கும். அங்கே விலைப்பலகையும் செய்த தேதியும் கண்ணில் படும்படி இருக்கட்டும். அதே கடையில் ஆட்டோ ஓட்டுநரும் பூக்காரரும் நின்று காபி குடிக்கட்டும். அவர்கள் கொடுக்கும் விலையும் அக்குடும்பம் கொடுக்கும் விலையும் ஒன்றாக இருக்கும் நாளில், மதுரை தன் விருந்தாளிக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டது எனலாம்.