குடியிருப்பும் பிழைப்பும்

சென்னையின் தென்புறத்தில், துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரில் வறுமை ஏன் இவ்வளவு என்று வினவுவோர், அங்குள்ள மக்களின் குணத்தை ஆராயுமுன் தூரத்தை அளந்து பார்த்தல் நலம். 1970இல் நிறுவப்பட்ட குடிசை மாற்று வாரியம், தொடக்க காலத்தில் குடிசைகள் இருந்த இடங்களிலேயே அடுக்கு வீடுகளைக் கட்டித் தந்தது. 2000ஆம் ஆண்டையொட்டி, ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்தோரை ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணகி நகரில் குடியேற்றத் தொடங்கினர். முதலில் கட்டப்பட்ட வீடுகள் பல 200 சதுர அடியையும் எட்டாதவை. ஆயினும் வீடு சிறியது என்பதைவிடப் பிழைப்பு தொலைவில் நின்றுவிட்டது என்பதே பெரிய துயரம்.

ஏழையின் தொழில் அருகாமையால் நிற்பது. வீட்டு வேலை செய்யும் பெண் காலையில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கி, நடுப்பகலில் தம் பிள்ளைக்குச் சோறூட்டி, மாலையில் மறுபடியும் அவ்வீடுகளுக்குச் செல்வார். இடையே 20 கிலோமீட்டர் புகுந்ததும் அவ்வேலை ஒரு வீட்டளவில் சுருங்குகிறது. அல்லது அடியோடு நின்றுபோகிறது. 2021இல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது பெரும் ஆறுதலே. ஆனால் சாலையில் கழியும் மணிகளை அது திருப்பித் தரவில்லை. சுமை தூக்கும் ஆண்களில் சிலர் பழைய சந்தையருகே நடைபாதையில் உறங்கி, வாரம் ஒருமுறை மட்டும் வீடு திரும்புகின்றனர்.

வருமானம் குன்றிய வீட்டில் தண்டல்காரர் நுழைகிறார். பத்தாயிரம் என்று கணக்கெழுதி, வட்டியை முன்னரே கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்; நாள்தோறும் 100 ரூபாயாக 100 நாட்கள் வசூலிப்பார். வேலையற்ற நாளுக்கு விலக்கில்லை. இக்கடனை அடைக்க மற்றொரு தண்டல். அதற்கும் பற்றாக்குறையானால் காதிலுள்ள தோடு அடகுக்கடைக்குப் போகிறது. உதவியாக நாம் அரிசி கொண்டு செல்லுகையில், அன்று மாலைக்குள் அவர்கள் கட்ட வேண்டிய தொகையையும் விசாரித்தறிவது நல்லது. சோறு பொங்கிய வீட்டிலும் அந்த அச்சம் தங்கியிருக்கும்.

அண்மையில்தான் பழைய மாமல்லபுரச் சாலையின் கணினி நிறுவனங்கள் உள்ளனவே என்பர். உண்மைதான், ஆயின் அங்கு இவர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்பது ஒப்பந்தக்காரர் மூலம் வரும் துப்புரவு வேலையும் காவல் வேலையுமே. படித்த இளைஞரோ, கண்ணகி நகர் என்றதும் நேர்காணலில் முகங்கள் மாறுவதைக் கண்டு, உறவினர் வீட்டு முகவரியை எழுதுகின்றனர். இதைப் பொய் என்று கண்டிக்க நமக்கு மனம் வரவில்லை.

2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் ஆற்றோரக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்தில் குடியேற்றியபோதும் இதே துயரம் தொடர்ந்தது. பள்ளியாண்டின் நடுவே பெயர்க்கப்பட்ட பிள்ளைகளில் சிலர் பழைய பள்ளிக்கே இரண்டு பேருந்து மாறிச் சென்றனர். சிலர் படிப்பை நிறுத்தி வேலை தேடப் புறப்பட்டனர்.