நத்தார் ஒளியின் உட்பொருள்
நத்தார்க் காலத்து விளக்குகளை வெறும் அலங்காரமெனக் கருதுவார் உளர். அவற்றின் பொருளைக் கொழும்பு, கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் பெயரே உணர்த்தும். அதற்குரிய புனித லூசியாவின் பெயர், ஒளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. சிசிலித் தீவிலே சமயத்தின் பொருட்டு உயிர் துறந்த அக்கன்னியின் திருநாள் டிசெம்பர் 13. நத்தாருக்குப் பன்னிரு நாள் முந்தியது.

இயேசு பிறந்த நாளைச் சுவிசேஷங்கள் கூறவில்லை. டிசெம்பர் 25 இல் அவ்விழா அமைந்தமைக்கு ரோமாபுரியில் கி. பி. 336 ஆம் ஆண்டுச் சான்றுண்டு. வடபுலத்தில் நெடிய இரவு குறுகி, பகல் வளரத் தொடங்கும் பருவம் அது. கிறிஸ்துவை உலகில் வந்த ஒளியெனக் கூறும் யோவானின் கருத்துக்கு அப்பருவம் நன்கு இயைந்தது.

அவ்விரவில் பேரொளியைக் கண்டோர், மன்னரல்லர். மந்தை காத்த இடையரே என்பது லூக்காவின் வரலாறு.

சைவர் ஏற்றும் கார்த்திகைத் தீபம் அயனும் மாலும் அடிமுடி காணாத சோதியை நினைவூட்டும். நத்தார் விளக்கோ மாட்டுத்தொழுவில் மகவாய் வந்த ஒளியைச் சுட்டும். முன்னது இறைவனின் எட்டாமையையும், பின்னது அவன் எளிவந்த தன்மையையும் விளக்குவன. ஒளி இருளை நாடி வந்ததென நம்புவோர், துன்பத்தில் உழல்வாரை நாடிச் செல்லுங்கால் அவ்விளக்குப் பொருளுடையதாகும்.