காட்டில் சேரும் மின்சாரம்

மின்கம்பி எட்டாத ஊரில் சோலார் போட்டுக்கொள்பவர்கள் இரவுக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டு, பட்டர்வொர்த் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். பேட்டரிதான் வழக்கமான பதில். ஆனால் சோலார் தகடு 25 ஆண்டு உழைக்கும். ஈய அமில பேட்டரியை நாள்தோறும் பாதிக்கு மேல் காலி செய்தால் சில ஆண்டுகளிலேயே படுத்துவிடும். பீகாரின் தர்ணை கிராமத்தில் 2014-இல் கிரீன்பீஸ் முயற்சியில் 100 கிலோவாட் சோலார் நிலையம் எழுந்தது. சில ஆண்டுகளில் பேட்டரிகள் ஓய்ந்தன. பழுது பார்ப்பாரில்லாமல் நிலையம் மாட்டுத் தொழுவமானது.

பேட்டரியே இல்லாத வழி ஒன்று நம் மலேசியாவிலேயே இருக்கிறது. 2,400 மெகாவாட் பாக்குன் அணைக்காக ஊரைவிட்டுப் போக மறுத்த சரவாக் கெஞ்ஞா மக்கள், லோங் லாவெனில் 2002-இல் தங்களுக்கென 10 கிலோவாட் சிறு புனல்மின் நிலையம் அமைத்துக்கொண்டார்கள். சபாவில் பெனாம்பாங்கைச் சேர்ந்த தோனிபுங் அமைப்பு, கிராமத்தாரின் கோத்தோங் ரோயோங் கூட்டு உழைப்போடு இப்படிப் பல நிலையங்களைக் கட்டியிருக்கிறது. நொடிக்கு 20 லிட்டர் நீர் 50 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறங்கினால், இழப்பெல்லாம் போக ஏறக்குறைய 5 கிலோவாட் கிடைக்கும்.

இவற்றில் என்னைக் கவர்ந்தது சுவரில் மாட்டிய ஒரு சிறு பெட்டி. ஊர் உறங்கப் போய் விளக்குகள் அணைந்தாலும் குழாயில் நீர் அதே வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும். சுமை குறைந்த ஜெனரேட்டர் தறிகெட்டுச் சுழன்றால், எரிகிற மிச்ச விளக்குகளும் கருகிவிடும். அதனால் அந்தப் பெட்டி, வேண்டாத மின்சாரத்தைக் கணத்துக்குக் கணம் அளந்து, தண்ணீரில் மூழ்கிய சூடேற்றும் கம்பிக்குத் திருப்பிவிடுகிறது. ஜெனரேட்டருக்கோ ஊர் எப்போதும் விழித்திருப்பதாகவே கணக்கு.

இப்படி மின்சாரத்தைச் சூடாக்கிக் கரைப்பது வீண் அல்லவா? அல்ல. இங்கே சேமிப்பு, நீர் மின்சாரமாகும் முன்பே, மலைமேல் நடந்து முடிந்துவிடுகிறது. மழை நின்று பல நாளான பிறகும் நம் பினாங்குத் தண்ணீர்மலை ஓடையில் நீர் சலசலப்பதைப் பார்த்திருக்கிறேன்; மேலே இருக்கும் காட்டு மண் மழையைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. சபா, சரவாக் ஊர்களின் விளக்கும் அதே கருணையில்தான் எரிகிறது. மேலே மரம் வெட்டினால் மழைநாளில் சேறு வந்து குழாயை அடைக்கும், வறட்சியில் ஓடை வற்றும். டர்பைன் புதிதாக இருந்தாலும் பயனில்லை.

காட்டைக் காப்பதைச் சுற்றுச்சூழல் ஆர்வலர் வேலை என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை. ஊர் மின்திட்டத்துக்குப் பணம் ஒதுக்குவோர் குழாய்க்கும் டர்பைனுக்கும் எழுதுகிற கணக்கில், நீர்ப்பிடிப்புக் காட்டின் காவலுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். பேட்டரி வாங்கும் ஊரானால், அதை மாற்றும் செலவுக்கு முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்கு வீடு வசூலிக்க வேண்டும். சேமித்து வைக்கும் இடத்தைப் பேண ஆளில்லாத திட்டம், திறப்பு விழாவோடு முடிந்த திட்டம்.