டோக்கன் கைமாறினால்...

பிள்ளைகள் ஓர் ஊர், பெற்றோர் ஓர் ஊர் என்று வாழ்கிறோம். ஆதார் நகல், வீட்டுப் பத்திரம், பேரக் குழந்தைகளின் படங்கள் எல்லாம் கூகுள் டிரைவ் போன்ற இணையக் கணக்குகளில் ஏறிவிட்டன. "பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது, ஓ.டி.பி.யும் என் போனுக்குத்தான் வரும்; பிறகென்ன பயம்?" என்று அன்பர்கள் கேட்பதுண்டு. இவை இரண்டும் இல்லாமலே கணக்கைக் கைப்பற்ற ஒரு வழி இருக்கிறது.

ரயில்வே உதாரணம் சொன்னால் எளிதில் விளங்கும். ஒற்றைப் பாதையில் வண்டி செல்ல, ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவரிடம் ஓர் உலோக உருண்டையைக் கொடுத்தனுப்பும் முறை நெடுங்காலம் இருந்தது. அதுதான் டோக்கன். அது கையில் இருந்தால் அடுத்த ஸ்டேஷன் வரை பாதை அவருடையது. அங்கே அதை ஒப்படைத்துக் கருவிக்குள் போட்ட பிறகே அடுத்த டோக்கன் வெளியே வரும்.

இணையக் கணக்கிலும் அப்படித்தான். பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் சரிபார்த்ததும் நம் பிரவுசருக்கு ஒரு ரகசியக் குறியீடு தரப்படுகிறது. அதற்கு 'செஷன் குக்கி' என்று பெயர். பிறகு அதைக் காட்டினாலே கதவு திறக்கும். ஆனால் உலோக உருண்டை ஒன்றுதான். குக்கியையோ நொடியில் நகலெடுக்கலாம். நகல் வைத்திருப்பவரும் 'நாம்' ஆகிவிடுகிறார்!

2023 மார்ச்சில் கனடாவின் 'லைனஸ் டெக் டிப்ஸ்' யூடியூப் சேனல் இப்படித்தான் பறிபோனது. ஒன்றரைக் கோடிப் பேர் பின்தொடர்ந்த சேனல் அது. விளம்பர ஒப்பந்தம் போல் வந்த கோப்பை ஓர் ஊழியர் திறந்தார். உள்ளே இருந்த திருட்டு நிரல் பிரவுசரின் குக்கிகளை அள்ளிச் சென்றது. பாஸ்வேர்ட் தேவைப்படவே இல்லை.

நாம் செய்ய வேண்டியவை:

1. முகம் தெரியாதவர் அனுப்பும் கோப்புகளையும், இலவசமாகக் கிடைக்கும் திருட்டு சாஃப்ட்வேர்களையும் தொடாதீர்கள்.

2. ஜெராக்ஸ் கடையில் டிக்கெட் பிரிண்ட் எடுக்க மெயிலைத் திறந்தால், ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. 'லாக் அவுட்' செய்யுங்கள். டோக்கனை ஒப்படைப்பது அதுதான்.

3. கூகுள் கணக்கின் 'பாதுகாப்பு' பகுதியில், கணக்கு திறந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். அறிமுகமில்லாததை வெளியேற்றுங்கள்.

4. சந்தேகம் வந்தால் வேறொரு நல்ல சாதனத்திலிருந்து எல்லாவற்றையும் வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழைய கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யாமல் அதில் மீண்டும் நுழைய வேண்டாம்.

ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கும் இதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். குடும்பத்தின் பத்திரங்கள் பல வீடுகளில் அவர்கள் கணக்கில்தானே இருக்கின்றன!