வானவழி இணையம்: தூரமும் தாமதமும் செலவும்

வடக்கனந்தலை அடுத்த கோமுகி அணையின் மதகைத் திறந்த மாத்திரத்தில் கடைமடை வயலில் நீர் பாய்ந்துவிடுவதில்லை. வாய்க்காலை அகலப்படுத்தினால் மிகுதியான நீர் செல்லும். ஆயினும் அது கடக்க வேண்டிய தூரம் குறைவதில்லை. இணையத்திலும் இவை இரண்டும் வெவ்வேறு. விளம்பரங்களில் 'வேகம்' என்று கூறப்படுவது வாய்க்காலின் அகலம். கேள்வி போய் விடை திரும்பும் காலமே தாமதம். இவ்வேறுபாட்டை அறியாது சங்கப் பணத்தைச் செலவிடுதல் தகாது.

கல்வராயன் மலையூர் ஒன்றுக்கு நாம் ஆய்வின் பொருட்டுச் சென்றிருந்தபோது, நியாய விலைக் கடையின் முன் மூதாட்டி ஒருவர் காலை முதல் காத்திருந்தார். கைரேகைக் கருவிக்குத் தொடர்பு கிட்டவில்லை. பிற்பகலில் அவர் வெறும் பையுடன் வீடு திரும்பினார். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது முதல், சங்கக் கணக்குகளும் இணையத்தை நாடத் தொடங்கிவிட்டன. "வானத்திலிருந்து இணையம் வருகிறதாமே, ஐயா! ஒரு டிஷ் வாங்கிவிடலாமா?" என்று அவ்வூர்ச் சங்க நிர்வாகக் குழுவினர் நம்மை வினவினர். அவர்களுக்கு நாம் கூறிய விடையையே இங்கு எழுதுகிறோம்.

வானவழிச் சேவைகள் உயரத்தால் மூவகைப்படும். முதல் வகைச் செயற்கைக்கோள், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நமது தலைக்கு மேல் நிலையாக நிற்பது போல் தோன்றும். கேள்வி மேலேறி இறங்கவும் விடை மேலேறி இறங்கவும் 1,44,000 கிலோமீட்டர் ஆகிறது. வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும் ஒளியின் வேகத்திலும் இதற்கு அரை வினாடி வேண்டும், நடைமுறையில் 0.6 வினாடி ஆகும். ஹியூஸ் நிறுவனம் இந்தியாவின் ஜிசாட்-11, ஜிசாட்-29 ஆகியவற்றைக் கொண்டு 2022 செப்டம்பரில் தொடங்கிய சேவை இவ்வகையினது. இரண்டாம் வகை, சுமார் 8,000 கிலோமீட்டர் உயரத்தது, தாமதம் 0.15 வினாடி அளவாகும். ஜியோவுடன் கூட்டுச் சேர்ந்த எஸ்.இ.எஸ். நிறுவனத்தின் கோள்கள் இவ்வகையின. மூன்றாம் வகை தாழ்ந்து சுற்றுவது. ஒன்வெப் 1,200 கிலோமீட்டர் உயரத்திலும், 2025 ஜூனில் இந்திய உரிமம் பெற்ற ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலும் இயங்குகின்றன. இவற்றில் தாமதம் 0.1 வினாடிக்கும் குறைவே. எத்துணைக் கட்டணம் கூட்டினாலும் முதல் வகையின் தாமதம் குறையாது. அது தூரத்தின் விளைவு.

இத்தாமதம் வேலைக்கு வேலை வேறுபட்டுத் தோன்றும். நாடா ஒரு கரையிலிருந்து மறுகரை சென்று திரும்பினால்தான் நெசவில் அடுத்த இழைகள் விழும். அதுபோல, ஒரு கடன் பதிவுக்குக் கணினி பத்து முறை போய்வர நேரிட்டால், முதல் வகையில் 6 வினாடி ஆகும், 0.05 வினாடித் தாமதமுள்ள தாழ்ந்த கோளில் அரை வினாடி போதும். ஒற்றைக் கைரேகைப் பதிவுக்கும், மாலையில் கணக்கனுப்பும் வேலைக்கும் முதல் வகையே போதுமானது. முகம் பார்த்து மருத்துவரிடமோ வேளாண் அலுவலரிடமோ பேச விரும்பினால் தாழ்ந்த கோளே நன்று.

இனி விலையைக் கருதுவோம். அண்டை நாடான பூட்டானில் 2025-இல் ஸ்டார்லிங்கின் வீட்டுச் சேவைக்கு மாதக் கட்டணம் 4,200 நுல்ட்ரம். எளிய வகைக்கு 3,000. நுல்ட்ரம் நமது ரூபாய்க்குச் சமமான மதிப்புடையது. அவ்வளவில் கணக்கிட்டால் ஆண்டுக்கு 50,400 ரூபாய் ஆகும். கருவி விலை தனி. வங்காளதேசத்தில் 2025 மே மாதத்தில் சேவை தொடங்கியபோது கருவிக்கு மட்டும் 47,000 டாக்கா பெறப்பட்டது. மின்சாரச் செலவையும் மறத்தலாகாது. 75 முதல் 100 வாட் வரை இழுக்கும் கருவி நாள் முழுதும் இயங்கினால் 2 யூனிட் அளவு செலவாகும். மின்தடைக்கு மின்கலம் வேண்டும். கடுமழையில் தொடர்பு தளரும். மரக்கிளை மறைத்தாலும் அறுபடும்.

ஆதலின், முதற்கண் கண்ணாடி இழை தம் ஊராட்சிக்கு வந்துள்ளதா என்று பாருங்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இழையால் இணைப்பதே பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். 300 கிலோமீட்டர் இழையில் ஒளி போய்வர 0.003 வினாடியே ஆகும். எந்தக் கோளும் இதற்கு ஈடாகாது. இழையும் கோபுரமும் எட்டாத மலையூருக்கே வானவழி ஏற்றது.

அங்ஙனம் வாங்க முற்படின், எழுத்து மூலம் விலைப்புள்ளி பெறுங்கள். சங்கக் கூரையிலேயே கருவியை வைத்து, ஒரு கைரேகைப் பதிவு, ஒரு கடன் பதிவு, ஓர் உரையாடல் ஆகிய மூன்றையும் கடிகாரம் பார்த்துச் சோதியுங்கள். சேவையாளரின் எழுத்து மூல இசைவு கிடைத்தால், கடன் சங்கம், நியாய விலைக் கடை, பால் சங்கம், பள்ளி ஆகிய நான்கும் ஒரே இணைப்பின் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். மேற்கண்ட 50,400 ரூபாய் அப்போது ஒவ்வொன்றுக்கும் 12,600 ரூபாயாகக் குறையும். தனியொருவருக்கு எட்டாததைப் பலர் கூடிப் பெறுவதே கூட்டுறவு. அம்மூதாட்டி அடுத்த முறை அரிசிப் பையுடன் வீடு திரும்புவாராயின், அச்செலவு வீண் ஆகாது.