வார இறுதியில் புடாபெஸ்ட்: ஒரு மாணவியின் இரண்டு நாள் பயணம்

நம் சங்கக் குடும்பங்களில் இன்று பலருடைய பிள்ளைகள் ஐரோப்பாவில் படிக்கிறார்கள். பொங்கல் விழாவோ மாதக் கூட்டமோ, நாலு பேர் சேர்ந்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. அண்மையில் ஒரு நண்பர் கேட்டார்: "வங்கியில் கடன் வாங்கிப் படிக்க அனுப்பியிருக்கிறேன். பையன் சனி, ஞாயிறு வந்தால் ஊர் ஊராகச் சுற்றுகிறான். கண்டிப்பதா, விட்டுவிடுவதா?" அவருக்கு என் வீட்டில் நடந்ததையே பதிலாக எழுதலாம் என்று தோன்றியது.

என் இளைய மகள் வியன்னாவில் முதுகலை படிக்கிறாள். முதல் செமஸ்டர் முழுக்க அறை, வகுப்பு, நூலகம், மறுபடி அறை என்றே கழிந்தது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊர் அது. தொலைபேசியில் "சாப்பிட்டேன், தூங்கப் போறேன்" என்பதற்கு மேல் பேச்சு வராது. ஒரு நாள் தாயிடம், "படிப்பை நிறுத்திட்டு வந்துடலாமான்னு இருக்கும்மா" என்று சொல்லிவிட்டாள். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

தேர்வுகள் முடிந்ததும், வகுப்புத் தோழிகள் இருவருடன் ஹங்கேரியின் தலைநகரமான புடாபெஸ்ட்டுக்குப் போய்வரட்டுமா என்று கேட்டாள். வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம். "வயசுப் பொண்ணு, பாஷை தெரியாத ஊர், செலவு வேற" என்று என் மனைவி தயங்கினாள். போய்வரட்டும் என்று நான் சொன்னேன். அவள் மனம் கொஞ்சம் வெளிச்சம் பார்க்கட்டும் என்பது ஒரு காரணம். அவள் போகப்போகும் ரயில் பாதை இன்னொரு காரணம்.

காண்டோவின் பாதை

வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் சுமார் 250 கிலோமீட்டர். ரயில்ஜெட் என்ற விரைவு வண்டி இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டு சேர்த்துவிடுகிறது. ஹெட்யெஷ்ஹாலோம் என்ற எல்லை நிலையத்தில் நாடு மாறுகிறது. அங்கே மின்சாரமும் மாறுகிறது! ஆஸ்திரியாவில் 15 கிலோவோல்ட், 16.7 ஹெர்ட்ஸ், ஹங்கேரியில் 25 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

மும்பை வாசகர்களுக்கு இது புதிய கதை இல்லை. இகத்புரியில் வண்டி நின்று, 1500 வோல்ட் டி.சி. எஞ்சினைக் கழற்றி ஏ.சி. எஞ்சினை மாட்டும் நேரத்தில் வடா பாவ் வாங்கித் தின்றவர்கள்தானே நாம்! அந்த டி.சி. இப்போது மும்பையிலிருந்து போய்விட்டது. ரயில்ஜெட்டின் எஞ்சின் இரண்டு வகை மின்சாரத்திலும் ஓடக்கூடியது; ஆகவே எஞ்சினைக் கழற்றும் வேலை இல்லை.

இந்தப் பாதைக்கு ஒரு பெருமை உண்டு. இன்றைய புடாபெஸ்ட்டில் 1869இல் பிறந்த காண்டோ கால்மான் என்ற பொறியாளர், 1902இல் இத்தாலியின் வால்டெல்லினா பாதையில் உயர் அழுத்த மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ரயிலை ஓட்டிக் காட்டியவர். அந்தக் காலத்தில் பல நாடுகளில் ரயிலுக்கென்றே குறைந்த ஹெர்ட்ஸில் தனி மின்சாரம் தயாரித்தார்கள். வீட்டுக்கும் ஆலைக்கும் போகும் சாதாரண 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையே ரயிலுக்கும் கொடுத்தால் என்ன என்பது காண்டோவின் எண்ணம். அந்த எண்ணத்தின்படி 1930களில் புடாபெஸ்ட்டிலிருந்து ஹெட்யெஷ்ஹாலோம் வரை 16 கிலோவோல்ட், 50 ஹெர்ட்ஸில் மின்மயமாக்கினார்கள். காண்டோ 1931இல் இறந்துவிட்டார். வேலை முடிந்ததைப் பார்க்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சுக்காரர்கள் 50 ஹெர்ட்ஸ் முறையை 25 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தி வளர்த்தார்கள். இந்திய ரயில்வே 1957இல் அதைத் தேர்ந்தெடுத்தது. நாம் விடுமுறைக்கு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிற வண்டிகள் இன்று அந்த மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. இதையெல்லாம் ஒரு குறிப்பாக எழுதி மகளுக்கு அனுப்பியிருந்தேன். வெள்ளி இரவு பதில் வந்தது: "அப்பா, ஏ.சி. ஒரு நிமிஷம் நின்னு திரும்ப வந்துச்சு. உங்க ஹெர்ட்ஸ் மாறிடுச்சு!"

மூன்று ஊர் சேர்ந்த நகரம்

வண்டி போய் நிற்பது 1884இல் திறந்த கெலெட்டி நிலையம். கெலெட்டி என்றால் கிழக்கு. முகப்பில் ஜேம்ஸ் வாட்டுக்கும் ஜார்ஜ் ஸ்டீஃபன்சனுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். பொறியாளருக்குச் சிலை வைத்த ஊரை எனக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

டான்யூப் நதியின் மேற்கே மேடான புடா, அதன் வடக்கே ஒபுடா, கிழக்கே சமவெளியான பெஸ்ட். இம்மூன்றும் 1873இல் ஒரே நகரமாயின. மாடியார்கள் இந்த மண்ணில் குடியேறி ஆயிரம் ஆண்டு ஆனதை 1896இல் விழாவாகக் கொண்டாடியபோது, அந்திராஷி சாலையின் அடியில் மின்சார மெட்ரோ ரயிலைத் திறந்தார்கள். ஐரோப்பாவின் நிலப்பரப்பில் முதல் பாதாள ரயில் அதுதான். சாலையைத் தோண்டி, பாதை போட்டு, மேலே மூடிவிட்டார்கள். ஆகவே சில படிகள் இறங்கினாலே நடைமேடை வந்துவிடுகிறது. சுரங்கம் தாழ்வானது என்பதால் மஞ்சள் நிற வண்டிகளும் குட்டையாக இருக்கின்றன. மகளும் தோழிகளும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டு தடவை போய்வந்தார்களாம்.

சனிக்கிழமை காலை சங்கிலிப் பாலம். சேச்செனி இஷ்ட்வான் என்ற பிரபு, 1820இல் தந்தையின் இறுதிச் சடங்குக்குப் போக ஆற்றைக் கடக்க முடியாமல் ஒரு வாரம் கரையில் காத்துக் கிடந்தாராம். அவர் முயற்சியால் 1849இல் பாலம் திறக்கப்பட்டது. வரைந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் டியர்னி கிளார்க். நின்று கட்டியவர் ஸ்காட்லாந்தின் ஆடம் கிளார்க். பெயர்தான் ஒன்று, உறவினர்கள் இல்லை. நடுவில் சுமார் 200 மீட்டர் தூரம் தூண் இல்லாமல் இரும்புச் சங்கிலியில் தொங்கும் பாலத்தை அந்தக் காலத்தில் கட்டினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1945 ஜனவரியில், பின்வாங்கிய ஜெர்மானியப் படை இந்தப் பாலத்தையும் நகரத்தின் மற்றப் பாலங்களையும் வெடி வைத்துத் தகர்த்தது. தூண்கள் நின்றன. அவற்றின்மேல் மறுபடி கட்டி, பாலத்தின் நூறாம் ஆண்டான 1949இல் திறந்தார்கள்.

கரையோரக் காலணிகள்

பாலத்திலிருந்து பெஸ்ட் கரையோரமாக நாடாளுமன்றத்தை நோக்கி மூவரும் நடந்திருக்கிறார்கள். 268 மீட்டர் நீளக் கட்டடம். கோபுரம் 96 மீட்டர். அதற்குச் சற்று முன்னால், ஆற்றின் விளிம்பில் வரிசையாகக் காலணிகள். இரும்பால் வார்த்தவை, அறுபது ஜோடி. 1944–45இல் அம்பு சிலுவைக் கட்சியின் ஆட்கள் யூதர்களை இந்தக் கரைக்கு இழுத்துவந்து, விலைபோகும் என்று காலணிகளைக் கழற்றச் சொல்லி, ஆற்றில் விழும்படி சுட்டுக் கொன்றார்கள். அதன் நினைவாக 2005இல் இவற்றை வைத்தார்கள். ஆண்களுடையவை, பெண்களுடையவை, குழந்தைகளுடையவையும் உண்டு.

ஞாயிறு இரவு வியன்னாவுக்குத் திரும்பியதும் மகள் அழைத்தாள். ஒரு மணி நேரம் பேசினாள். அத்தனை மாதத்தில் அவள் அவ்வளவு பேசியது அன்றுதான். "நீங்க சொன்ன பாலம் பிரமாதம்பா. ஆனா மனசுல நிக்கிறது அந்தக் குட்டிச் செருப்புதான். போட்டோ எடுக்கக் கை வரல. பக்கத்துல ஒரு பாட்டி பூ வச்சிட்டு நின்னாங்க. நாங்களும் பேசாம நின்னோம்" என்றாள். ஃபோனின் இந்தப் பக்கம் நானும் என் மனைவியும் பேச்சற்று இருந்தோம். உடைந்த பாலத்தை நான்கு ஆண்டில் கட்டிவிடலாம். போன உயிரை எந்தப் பொறியாளர் கட்டுவார்?

அதன்பின் படிப்பை விடும் பேச்சு வரவில்லை. ஒரே பயணத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். தோழிகள் கிடைத்தார்கள், வெயில் காலமும் வந்தது. ஆனால் அன்றிலிருந்து அவளிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது.

பெற்றோர்க்குச் சில குறிப்புகள்

ஹங்கேரியில் யூரோ இல்லை. ஃபோரின்ட் என்ற நாணயம். காகிதச் சீட்டு வாங்கினால், இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். எல்லையில் சோதனை இருக்காது என்று எண்ணாமல் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையோடு இருக்கட்டும். அவசர உதவிக்கு எண் 112. குலாஷ் மாட்டிறைச்சிக் குழம்பு; சைவர்கள் கேட்டுச் சாப்பிட வேண்டும். லாங்கோஷ் என்பது நம் பட்டூராவைப் போல எண்ணெயில் பொரித்து, மேலே பாலாடைக்கட்டி தூவித் தருவது. மகள் இரண்டு வேளை அதிலேயே ஓட்டினாள்.

மொழியைக் கண்டு அஞ்ச வேண்டாம். நாம் "புடாபெஸ்ட்டில்" என்று வேற்றுமை உருபைச் சொல்லின் கடைசியில் ஒட்டுவதுபோல, அவர்களும் "புடாபெஸ்ட்டென்" என்று ஒட்டுகிறார்கள். நம் இனிஷியல்போல, குடும்பப் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் சொந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில் இதுதான். பையனைக் கண்டிக்க வேண்டாம். போகுமுன், அந்த ஊரில் பார்க்க வேண்டிய ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் இரண்டு கணக்குக் கேளுங்கள்: செலவழித்த கணக்கு ஒன்று, பார்த்த கணக்கு ஒன்று. இரண்டாவது கணக்கைச் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தால், அடுத்த பயணத்துக்கும் தாராளமாக அனுமதி கொடுக்கலாம்.