மாடிப்படியும் மூச்சிரைப்பும்

மாடியேறி வந்த மனைவி மூச்சு வாங்கி நின்றால், "இந்த வயதிலேயே இப்படியா?" என்று கேலி பேசும் கணவன்மார் நம் இல்லங்களில் உண்டு. வாசக நேயர்களே, அத்தகையோரை இப்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

70 கிலோ எடையுள்ள ஆணின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு மூன்றரை லிட்டர்தான். அளவு மட்டுமன்று, தரமும் வேறு. பிராணவாயுவைச் சுமந்து செல்வது சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின். 100 மில்லி இரத்தத்தில் ஆணுக்கு இது 15 கிராம் அளவிலும், பெண்ணுக்கு அதைவிட ஒன்றரை கிராம் குறைவாகவும் இருக்கும். சிறு பிராயத்தில் இவ்வேறுபாடு இல்லை. பருவமடைந்தபின் ஆண்மைச் சுரப்பு பையனின் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. பெண்ணோ மாதந்தோறும் இரத்தத்தை இழக்கிறாள். ஆகவே ஒரே படிக்கட்டை ஏற அவளது இதயம் அதிகமாக உழைத்தாக வேண்டும்.

வயதும் தன் பங்கைக் கேட்கிறது. கடும் உழைப்பின்போது 20 வயதில் நிமிடத்துக்குச் சுமார் 200 முறை துடிக்கவல்ல இதயம், 60 வயதில் 160ஐ ஒட்டியே நின்றுவிடுகிறது. உடலுழைப்பற்றோருக்கு, முப்பதைத் தாண்டிய பின் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் பத்தாண்டுக்குச் சுமார் பத்து விழுக்காடு குறைகிறது. நாள்தோறும் விரைந்து நடப்பவருக்கு இச்சரிவு மெதுவாகிறது. அவர்களது இரத்தத்தின் அளவும் கூடுகிறது.

இதுவரை சொன்னது இயற்கை. இனிச் சொல்வது இயற்கையன்று. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கே. எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்டு, உடனே தேநீரும் அருந்துகிறவளுக்கு இரும்புச்சத்து எங்கிருந்து வரும்? தேயிலை அச்சத்தை உடலில் சேரவிடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் சேர்க்கும். கீரையும் இறைச்சியும் அவள் தட்டுக்கும் வரட்டும். தேநீர் ஒரு மணி நேரம் பொறுக்கட்டும்.

கர்ப்பிணிக்கு இரத்தம் ஏறக்குறையப் பாதியளவு பெருகினும், நீர்ப்பகுதியே மிகுதியாகக் கூடுவதால் ஹீமோகுளோபின் சற்று இறங்கித்தான் காட்டும். ஆனால் 11 கிராமுக்குக் கீழே போனால் அது சோகைதான். மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தலாகாது.

வீட்டுப் பெரியவர்களுக்குப் புதிதாக மூச்சிரைத்தால், "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள். குடலில் மறைவாக இரத்தம் கசிவதும் காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.